திருகோணமலை வானத்துக்கு ஒரு வானிலைச் சக்கரம்: முன்பள்ளிக்கும் ஆரம்ப வகுப்புக்கும் செய்முறை வழிகாட்டி

நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அன்றாட வானிலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு வட்ட மட்டை, அதில் ஆறு படம், நடுவில் முள், இவ்வளவும் போதும். செய்வது எளிது. செய்த சக்கரம் ஒரு தவணை முழுவதும் சுவரில் நின்று வேலை செய்வதுதான் கஷ்டம். முள் தொங்கிவிடும், மாரியில் மட்டை ஊறிவிடும், இரண்டு கிழமையில் பிள்ளைகள் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். இதற்கெல்லாம் வழி தேடியபோது தமிழில் ஓரிடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவையெல்லாம் குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்காக வரைந்த படங்கள்: பனிமனிதன், உதிரும் செம்மஞ்சள் இலை, கம்பளித் தொப்பி. உவர்மலையிலோ கிண்ணியாவிலோ இருக்கும் பிள்ளை அந்தப் படங்களின் பக்கம் முள்ளைத் திருப்பும் நாள் வரவே வராது.

முன்பள்ளி ஆசிரியர்கள், தரம் 1, 2 எடுப்பவர்கள், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து செய்ய நினைக்கும் பெற்றோர் எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை வெளியே போய் வானத்தைப் பார்த்த பிறகே முள்ளைத் தொட வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான்.

1. எந்த மாதத்தில் தொடங்குவது

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். மழை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடும். மலை தாண்டி நம் பக்கம் வருவது காய்ந்து சூடேறிய கச்சான் காற்றுத்தான். ஜூனில் சக்கரத்தை மாட்டினால் முள் நாளெல்லாம் வெயிலில் நிற்கும். பிள்ளைக்கு அலுத்துப்போவது நியாயம்.

செப்டம்பர் கடைசிதான் நல்ல நேரம். கச்சான் ஓய்கிற நாட்களைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றோடு அடைமழை. திருகோணமலையில் அந்த இரண்டு மாதங்களிலும் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். தை பிறந்த பிறகு மழை தணிந்து காலையில் புல்லில் பனி நிற்கும். நான்கு மாதத்தில் சக்கரத்தின் எல்லாப் பக்கத்துக்கும் முள் போய்வந்துவிடும்.

செப்டம்பரைத் தவறவிட்டவர்கள் மார்ச்சில் தொடங்கலாம். மார்ச், ஏப்ரலிலும் சில பின்னேரங்களில் இடிமழை வரும்; பிறகு மெல்ல மெல்ல வெயில் ஏறுவது தெரியும்.

வேலைக்கு எவ்வளவு நேரம்? பெரியவர் தனியாக வட்டம் வெட்ட ஒரு பின்னேரம். பிள்ளைகள் படம் வரைய ஒரு பாடவேளை. கம் காய ஓர் இரவு. மறுநாள் முள் பொருத்த இன்னொரு பாடவேளை. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். காயாத மட்டையில் துளை போட்டால் படை படையாகப் பிரியும்.

2. அனுமதியும் கடிதங்களும்

வீட்டில் செய்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். பள்ளியில் செய்வதென்றால் பொருள் வாங்கும் முன் இதை முடியுங்கள்.

அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நாலு விஷயம் இருந்தால் போதும்: எந்த வகுப்பு, சுவரில் எந்த இடம், தினமும் எத்தனை நிமிடம் பிள்ளைகள் முற்றத்துக்குப் போவார்கள், பெற்றோரிடம் காசு வாங்கப்போவதில்லை என்பது. தரம் 1, 2 என்றால் இது ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடத்தோடு சேரும் என்று ஒரு வரி எழுதுங்கள். பாடநேரத்தை வீணாக்குகிறார்கள் என்ற பேச்சு அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். கடிதத்தின் பிரதியொன்றில் ஒப்பம் வாங்கி ஃபைலில் போட்டுவையுங்கள். அதிபர் மாறினாலும் சக்கரம் சுவரில் இருக்கும்.

பெற்றோருக்கு அரைப் பக்கத் துண்டு ஒன்று. சோடாப் போத்தல், பிஸ்கற் பெட்டி மட்டை, மாஜரின் டப்பா மூடி போன்ற வீட்டுப் பொருட்களைத் தந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடும் எண்ணம் இருந்தால் அதற்குச் சம்மதம் தனியாக, ‘ஆம்’, ‘இல்லை’ என்று கோடிட்ட இடத்தோடு கேளுங்கள். இல்லை என்று வந்த வீட்டுப் பிள்ளை படத்தில் இருக்கக் கூடாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை நிலையம் நம் ஊரிலேயே இருப்பதால் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் வளவுக்கு வெளியே போவதென்றால் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, நிலையத்துக்கு முன்கூட்டிய கடிதம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சம்மதம், வாகன ஒழுங்கு என்று வேலை நீளும். சக்கரம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து அதைப் பற்றி யோசியுங்கள். கேட்பதற்குக் கேள்வியோடு போகிற பிள்ளைகளுக்கே அந்தப் பயணம் பயன்படும்.

3. பொருட்களும் செலவும்

பெரிய பிறிஸ்டல் போட் ஒன்று, பைண்டர் கம் ஒரு போத்தல், நிறப்பென்சில், கறுப்பு மார்க்கர், தங்கூசி நூல் (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) ஒரு முழம், பெரிய பிளாஸ்டிக் பொத்தான் இரண்டு, மாஜரின் டப்பா மூடி ஒன்று, சி.ஆர். கொப்பி ஒன்று. லமினேற் செய்வதென்றால் அதற்கான காசு.

விலை கடைக்குக் கடை மாறும். வகுப்புக்கு ஒரு சக்கரம் என்றால் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் தேவையில்லாத எதையோ வாங்குகிறீர்கள். மினுங்கல் தூள், ஒட்டும் படங்கள், வெளிநாட்டுப் பொதியாக வரும் ‘வானிலை செட்’ எதுவும் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு சக்கரம் என்று செய்வதானால் பிஸ்கற் பெட்டி மட்டை போதும், செலவு அநேகமாக நூலுக்கும் கம்முக்கும் மட்டுமே.

மாப்பசை காய்ச்சி மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். மாரியில் அதில் பூஞ்சணம் பிடிக்கும், கோடையில் கரப்பான் தின்னும். கம்மே வாங்குங்கள்.

4. எந்த ஆறு படங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். சக்கரத்தின் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நான் வைக்கச் சொல்லும் ஆறு, இந்த வரிசையிலேயே: வெயில், வெயிலும் முகிலும், மப்பு, மழை, இடிமின்னல், பலத்த காற்று. பலத்த காற்றுக்கு அடுத்து வட்டம் மறுபடியும் வெயிலுக்கு வந்து சேரும்.

வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வானம் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துப் படியாகத்தான் மாறும். வெயிலில் முகில் சேரும், முகில் மூடி மப்பாகும், மப்பு மழையாகும், மழை இடியோடு வலுக்கும், இடிமழையோடு காற்றும் அடிக்கும். மறுபக்கம் பார்த்தால் காற்றுக்கும் வெயிலுக்கும் நடுவில் உள்ள கோடு கச்சான் நாட்களின் இடம். சுள்ளென்ற வெயிலும் புழுதி கிளப்பும் காற்றும் சேர்ந்த நாளில் பிள்ளை முள்ளை அந்தக் கோட்டிலேயே நிறுத்தலாம். ‘இரண்டுக்கும் நடுவில்’ என்று ஓர் ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும்போது அது உண்மையிலேயே பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் விற்கும் சக்கரங்களில் படங்கள் கண்டபடி கிடக்கும். அங்கே கோட்டில் நிற்கும் முள்ளுக்கு எந்தப் பொருளும் இல்லை.

வெயில் அடிக்கும்போதே மழை தூறினால்? நரிக்குக் கலியாணம் என்று பிள்ளைகளே கத்துவார்கள். அன்றைக்கு முள் மழையில் நிற்கட்டும், பதிவேட்டில் (படி 10) வெயிலையும் சேர்த்து இரண்டு குறி போடுங்கள்.

புயலை ஏழாவது படமாக வைக்காதீர்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி நம் கரையைக் கடந்ததை வீடுகளில் இன்னும் பேசுவார்கள். சின்னப் பிள்ளைக்கு அது பயம் தரும் சொல். சக்கரத்தில் இருந்தால் கொஞ்சம் பலமாகக் காற்றடித்த ஒவ்வொரு நாளும் முள் அங்கே போகும். அதற்குப் பதிலாகச் சிவப்பு மட்டையொன்றை ஆசிரியர் மேசைக்குள் வைத்திருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த நாளில் மட்டும் அதை எடுத்துச் சக்கரத்தின் பக்கத்தில் மாட்டி, வீட்டாரின் சொல் கேட்டு உள்ளே இருக்க வேண்டிய நாள் என்று சொல்லுங்கள். மட்டையின் பின்புறத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117 ஐ எழுதிவையுங்கள்.

படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். குழு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு சின்னக் கடதாசியில் வரையச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்து ஒட்டலாம். வெயிலுக்குச் சூரியனையே வரைய வேண்டும் என்றில்லை. கொடியில் காயும் உடுப்பு, தகரத்தில் காயும் கருவாடு, குடை பிடித்த அம்மம்மா என்று எதைப் போட்டாலும் சரி. மழைக்கு ஓட்டு விளிம்பில் கொட்டும் தாரை, காற்றுக்குச் சாய்ந்த தென்னை. பிள்ளை நாளும் காண்பது படத்தில் இருந்தால் விளக்கமே தேவைப்படாது.

சொற்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சிங்களம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் முன்பள்ளி என்றால் அந்தச் சொல்லையும் கீழே எழுதிவிடுங்கள். எழுதத் தெரிந்த பெற்றோர் ஒருவர் நிச்சயம் உதவுவார்.

5. வட்டமும் ஆறு பங்கும்

ஆரை 13.5 சென்ரிமீற்றர் வையுங்கள். இந்த அளவுக்கு இரண்டு காரணம். 22 அங்குலத்துக்கு 28 அங்குல பிறிஸ்டல் போட்டில் இப்படி நாலு வட்டம் எடுக்கலாம். வேறு அளவு மட்டை கிடைத்தால் வெட்டும் முன் அளந்து பாருங்கள். இரண்டாவது, 27 சென்ரிமீற்றர் அகல வட்டம் ஏ3 லமினேற்றுக்குள் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுச் சரியாக அடங்கும். 30 சென்ரிமீற்றர் வெட்டியவர்கள் கடையில் போய் நின்று ஓரத்தை நறுக்குவதைக் கண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடக் கவராயம் இவ்வளவு விரியாது. நூல் கட்டி வரைந்தால் நூல் இழுபட்டு வட்டம் கோணும். ஒரு மட்டைக் கீலத்தில் 13.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஆணி, மற்றதில் பென்சில் வைத்துச் சுற்றுங்கள்.

அந்தக் கீலத்தை எறியாதீர்கள். வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து அதே கீலத்தால் அடுத்த புள்ளி, அங்கிருந்து அடுத்தது என்று குறித்துக்கொண்டு போனால் ஆறாவது தடவை தொடங்கிய புள்ளிக்கே வந்துவிடும். ஆரையால் விளிம்பை அளந்தால் எந்த வட்டமும் சரியாக ஆறு பங்காகும். பாகைமானி வேண்டாம். தரம் 2 பிள்ளைகள் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள், கண் விரியும்.

ஒரு மட்டை தனியே நின்றால் வளையும். லமினேற் செய்வதென்றால் ஒட்டும் முன் படி 7 ஐப் பாருங்கள். இல்லையென்றால், இரண்டு வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை வைத்து இரவு முழுவதும் விடுங்கள்.

6. முள் பொருத்துதல்

பெரும்பாலான சக்கரங்கள் பழுதாவது இந்த இடத்தில்தான். சுவரில் மாட்டியவுடன் முள்ளின் நீளப் பக்கம் பாரத்தால் கீழே இறங்கிவிடும். காலையில் பிள்ளை வெயிலில் வைத்த முள் இடைவேளைக்குள் தானாக மழைக்கு வந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு முள்ளின் சமநிலையில் இருக்கிறது. முள்ளை மாஜரின் டப்பா மூடியிலோ ஐஸ்கிறீம் டப்பா மூடியிலோ வெட்டுங்கள். மட்டை முள் ஈரத்தில் துவளும், பிளாஸ்டிக் துவளாது. வடிவம் மீன் போல இருக்கட்டும்: மூக்கு ஒடுங்கி நீண்டது, வால் அகன்று கட்டையானது. வெட்டிய மீனைப் பென்சில் முனையில் கிடத்தி எந்த இடத்தில் விழாமல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் துளை. நடுவில் கண்ணளவுக்குத் துளைக்காதீர்கள். சமநிலைப் புள்ளி மூக்குப் பக்கம் அதிகம் தள்ளி வந்தால் வாலில் ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டிப் பாரம் கூட்டுங்கள்.

முள் இரண்டு வேண்டும். சிவப்பு இன்று காலைக்கு, நீலம் நேற்றுப் பின்னேரத்துக்கு. ஒக்டோபர் மழை பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகுதான் வரும். காலை முள் மட்டும் இருந்தால் மாதம் முழுவதும் வெயில் என்றுதான் சக்கரம் சொல்லும், அது பொய்யாகிவிடும். நீல முள்ளைக் கொஞ்சம் கட்டையாக வெட்டினால் ஒன்றையொன்று மறைக்காது.

பொருத்தும் முறை இது. உலோகப் பின், ஆணி, திருகாணி எதுவும் கடற்காற்றில் துருப்பிடித்து மட்டையில் கறை இறக்கும். அதனால்தான் தங்கூசி. மட்டையின் பின்னால் ஒரு பொத்தான், முன்னால் ஒரு பொத்தான். நடுவில் இரண்டு முள். மட்டைக்கும் முள்ளுக்கும் நடுவிலும், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவிலும் அதே மூடியில் வெட்டிய சின்ன வட்டத் தட்டு ஒவ்வொன்று. அப்போதுதான் ஒரு முள்ளைத் திருப்ப மற்றது கூடவே வராது. தங்கூசியைப் பின் பொத்தானின் ஒரு துளையால் முன்னுக்குக் கொண்டுவந்து, முன் பொத்தானில் கோத்து, மறு துளையால் பின்னுக்கு எடுத்து இறுக்கிக் கட்டுங்கள். கட்டும்போது முன் பொத்தானுக்கு அடியில் மடித்த கடதாசித் துண்டொன்றைச் செருகி, கட்டி முடிந்ததும் இழுத்தெடுத்தால் முள் திரும்புவதற்கு அளவான இளக்கம் கிடைக்கும். தங்கூசி முடிச்சு வழுக்கும். மூன்று முடிச்சுப் போட்டு மேலே ஒரு துளி கம் விடுங்கள்.

துளை போடுவதும் முடிச்சுப் போடுவதும் பெரியவர் வேலை. தட்டுக்களைக் கோப்பதையும் முள்ளுக்குக் கண் வரைவதையும் பிள்ளைகளிடம் விடலாம்.

7. ஈரத்திலிருந்து காப்பாற்றுதல்

லமினேற் செய்வதென்றால் முள் பொருத்தும் முன்பே செய்ய வேண்டும். முதலில் லமினேற், பிறகு துளை. இரண்டு மட்டை ஒட்டிய தடிப்பு இயந்திரத்துக்குள் போகாது. எனவே படம் உள்ள மேல் வட்டத்தை மட்டும் லமினேற் செய்து, பிறகு அடி மட்டையில் ஒட்டுங்கள். லமினேற் பரப்பில் கம் பிடிக்காது. விளிம்பைச் சுற்றிச் செலோ டேப் போட வேண்டிவரும். வெட்டும்போது மட்டை விளிம்புக்கு வெளியே அரை சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் விட்டு வெட்டாவிட்டால் அந்த வழியால் ஈரம் ஏறும்.

பெஸ்டலில் நிறம் தீட்டிய படத்தை லமினேற்றுக்குக் கொடுக்காதீர்கள். அது மெழுகு. சூட்டில் உருகிப் படம் முழுக்க இழுபடும். நிறப்பென்சில் பத்திரம்.

காசு குறைவென்றால் கொப்பிக்கு உறை போடும் தெளிவான பொலித்தீன் தாளை இழுத்து ஒட்டினாலும் ஒரு மாரி தாங்கும்.

8. எங்கே மாட்டுவது

பிள்ளையின் கண் மட்டத்தில், வாசலுக்குப் பக்கத்தில், வகுப்பின் உட்சுவரில். வராந்தாவில் மாட்டினால் காற்று முள்ளைத் திருப்பும். மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டினால் பின்னேர வெயிலில் நிறம் வெளுக்கும். வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் வழியிலேயே முள்ளைத் திருப்பிவிடலாம்.

9. தினமும் காலையில்

காலை 8.30 க்குச் செய்யுங்கள். இலங்கையில் 24 மணிநேர மழைவீழ்ச்சியை வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 வரைக்கும்தான் கணக்கெடுக்கிறது. முன்பள்ளி தொடங்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சில நாட்களில் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

அன்றைய பிள்ளை ஒருவரும் துணைக்கு இன்னொருவரும் முற்றத்துக்குப் போகட்டும். மற்றவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். மூன்று கேள்வி கேளுங்கள். வானத்தில் நீலம் அதிகமா, வெள்ளை அதிகமா? நிலத்தில் உன் நிழல் தெரிகிறதா? மர இலை ஆடுகிறதா, கிளையே ஆடுகிறதா? நிழல் கேள்வி மிகவும் உதவும். வெயிலா மப்பா என்று தடுமாறும் பிள்ளை காலடியைப் பார்த்தால் விடை கிடைக்கும், சூரியனை நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிறகு உள்ளே வந்து சிவப்பு முள். அடுத்து, நேற்றுப் பின்னேரம் வீட்டில் எப்படி இருந்தது என்று எல்லாரிடமும் கேட்டு நீல முள். இங்கே சண்டை வரும். நிலாவெளியில் இருந்து வரும் பிள்ளை மழை என்று சொல்லும், சீனக்குடாப் பிள்ளை சொட்டுக்கூட இல்லை என்று சொல்லும். இரண்டுமே உண்மையாக இருக்கும். பின்னேர இடிமுகில் ஓரிடத்தில் கொட்டிவிட்டு அடுத்த ஊரை விட்டுவிடும். அந்தச் சண்டையை அடக்காதீர்கள், அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடம் பத்தானாலும் பரவாயில்லை. பள்ளி இருக்கும் இடத்தில் என்ன நடந்ததோ அதற்கே முள் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

இடி கேட்கும் நாளில் யாரும் முற்றத்துக்குப் போகக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை உள்ளேதான். அன்றைக்கு யன்னலால் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணச் சொல்லுங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். பயந்த பிள்ளை எண்ணத் தொடங்கியதும் அழுகை நிற்கும்.

கைத்தொலைபேசியைப் பார்த்து முள்ளைத் திருப்பும் பழக்கம் ஆசிரியர்களிடமே வரும். அதில் கொழும்பின் வானிலை காட்டிக்கொண்டிருக்கலாம். திருகோணமலை என்றே போட்டிருந்தாலும் அது கணிப்பு, முற்றத்தில் இருப்பது வானம். திணைக்களத்தின் தமிழ் வானிலை அறிக்கையை முள் திருப்பிய பிறகு வாசித்துக் காட்டுங்கள். ‘மாலையில் அல்லது இரவில் இடியுடன் கூடிய மழை’ என்று அதில் இருந்தால் நாளைக்கு நீல முள் எங்கே போகும் என்று கேட்டுவைக்கலாம். மறுநாள் அவர்களே ஓடிவந்து சொல்வார்கள்.

காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்பதை ஒரு துணி நாடாவைக் கம்பில் கட்டிப் பார்க்கலாம். நகரத்துக்குக் கிழக்கே கடல் என்பதால் திசை சொல்வது நமக்கு எளிது: கடல் பக்கத்துக் காற்றா, தரைப் பக்கத்துக் காற்றா என்று மட்டும் கேளுங்கள். வாடை, கச்சான், சோளகம், கொண்டல் என்ற பெயர்களை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். கடலுக்குப் போகும் அப்பாவோ அப்பப்பாவோ இருக்கும் வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வகுப்புக்கே ஆசிரியராகிவிடும்.

10. பதிவேடு

சக்கரம் இன்றையதை மட்டும் காட்டும். நேற்றையது முள்ளோடு போய்விடும். சி.ஆர். கொப்பியில் நாலு நிரல் கீறுங்கள்: திகதி, காலை, முந்திய பின்னேரம், மழை மில்லிமீற்றர். எழுத்து வேண்டாம், சின்னக் குறி போதும். எழுதுவது பிள்ளை, திகதி போடுவது நீங்கள்.

மாதக் கடைசியில் ஒரு பெரிய கடதாசியில் வெயில் நாளுக்கு ஒரு மஞ்சள் கட்டம், மழை நாளுக்கு ஒரு நீலக் கட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிறந்தீட்டுங்கள். செப்டம்பர் கடதாசிக்குப் பக்கத்தில் நவம்பர் கடதாசியை ஒட்டியதும் பருவகாலம் என்றால் என்ன என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. விடுமுறை நாட்களை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்ப விடாதீர்கள்.

11. மழைமானி சேர்ப்பதானால்

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள போத்தலாக எடுங்கள். இடை ஒடுங்கிய போத்தலில் அளவு பிழைக்கும். அடியில் உள்ள மேடு பள்ளத்தைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நேரான இடம் வரை நிரப்பி, அந்த நீர்மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அங்கிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறியுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். முற்றத்தில் சதுர மீற்றர் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் கீறி, பத்து மில்லிமீற்றர் மழைக்கு ஒரு பத்து லீற்றர் வாளியைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

கூரைக்கும் மரத்துக்கும் அடியில் வைக்காதீர்கள். வாய் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் தெறிக்கும் நீர் உள்ளே போகாது. ஒரு கம்பத்தில் இறுகக் கட்டுங்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் மான்கள் வளவுக்குள் வந்து போகும், தட்டிவிட்டுப் போய்விடும்.

அடுத்தது மிகவும் கவனமாக வாசிக்க வேண்டிய விஷயம். தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். வாடை மழைக் காலம்தான் நம் பகுதியில் டெங்கு ஏறும் காலமும். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது உங்கள் மழைமானியும் அவருக்கு ஒரு பாத்திரந்தான். அதனால் தினமும் அளந்ததும் முழுவதையும் ஊற்றி, பூச்சிய மட்டத்துக்குப் புதுத் தண்ணீர் விடுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது கழற்றிக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். நீண்ட விடுமுறைக்குக் கல்லையும் கொட்டிக் காயவிடுங்கள். இதை யார் செய்வது என்று பெயரோடு பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதிபரிடம் காட்டி ஒப்பம் வாங்கிவையுங்கள். அப்படிச் செய்ய ஆள் இல்லையென்றால் மழைமானி வேண்டாம். சக்கரமும் கொப்பியும் தனியாகவே நன்றாக ஓடும்.

தவணை முடிவில் முள்ளைக் கழற்றி, தங்கூசியைப் புதிதாக மாற்றுங்கள். மட்டை இன்னும் ஒரு வருடம் தாங்கும். படங்களை மட்டும் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தாங்களே வரைந்து ஒட்டட்டும். லமினேற் செய்த சக்கரமென்றால் மேல் வட்டத்தைப் புதிதாகச் செய்ய வேண்டிவரும், அதற்கு ஒரு பிறிஸ்டல் வட்டத்தை இப்போதே மிச்சம் பிடித்து அலுமாரியில் வைத்துவிடுங்கள்.